சத்தமில்லாத பெட்டி

தொட்டிக்காரர் வீடு எது என்று கேட்டால் தெருவில் யாரானாலும் கையைக் காட்டுவார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். ஒரு காலத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தார், அப்போது ஒட்டிக்கொண்ட பேர் அது. கடையை மூடி, மீன்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்து, வேறு தொழிலுக்கு மாறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. பேர் மட்டும் மாறுவேனா என்கிறது. அவரும் விட்டுவிட்டார்.

வேறு தொழில் என்றால், கம்ப்யூட்டருக்குப் பெட்டி செய்வது. கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற தகரப் பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்கிற சட்டை மாதிரி. சிலருக்கு மேஜைக்குள்ளேயே கம்ப்யூட்டர் வேண்டும். சிலருக்குச் சுவரில் படம் மாட்டுவதுபோல மாட்ட வேண்டும். ஒரு மகானுபாவர் வாத்து வடிவத்தில் கேட்டார், இவர் செய்தும் கொடுத்தார். அதைவிட முக்கியம், அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் ஓடவிடுவது.

கம்ப்யூட்டருக்குள் தண்ணீரா என்று நீங்கள் வாயைப் பிளந்தால் அது உங்கள் தப்பில்லை. அவருடைய மாமனாரும் பிளந்தார். "மாப்பிள்ளை தண்ணி வேலையா பண்றாரு?" என்று சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. வேலை செய்யும்போது கம்ப்யூட்டரின் மூளை கொதிக்கும். சாதாரணப் பெட்டியில் மின்விசிறிகளை வைத்து அந்தச் சூட்டை ஊதித் தள்ளுவார்கள், அது காதைப் பிய்க்கும். இவரோ அந்த மூளைக்கு மேல் ஒரு செம்புக் கட்டியை உட்காரவைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிடுவார். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய் ஆறி, சின்னத் தொட்டிக்குத் திரும்பி வரும். பம்பு அதை மறுபடி தள்ளும். அவ்வளவுதான். சத்தமே இருக்காது. இதற்கென்று பைத்தியமாக அலைகிற ஒரு கூட்டம் எந்த ஊரிலும் உண்டு.

இவரை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளியது ஒரு மருந்துக்கடைக்காரர். மீன்தொட்டிக் கடைக்கு வந்து, சத்தமில்லாமல் ராப்பகலாக ஓடுகிற சின்ன பம்பு வேண்டும் என்றார். "என்ன மீன் வளக்கறீங்க?" என்று இவர் கேட்க, "மீன் இல்லை, கம்ப்யூட்டர்" என்றார். ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பார்த்துவிட்டு வரலாமே என்று கூடவே போனார். அங்கே பெட்டிக்குள் ஒரு இணைப்பிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மனுஷன் பசியைப் பொறுப்பார், வசவைப் பொறுப்பார், கசிவைப் பொறுக்க மாட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

வேலையில் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. குழாயெல்லாம் பூட்டி முடித்ததும், ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரிப்பார். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிடுவார். ஒரு நாள் முழுக்க அப்படியே ஓட வேண்டும். மறுநாள் அந்தப் பேப்பரில் ஊசிமுனை அளவு ஈரம் இருந்தாலும் மொத்தத்தையும் கழற்றிவிடுவார். அந்த ஒரு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார். அந்த அறைக்குள் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது, தலை துவட்டக் கூடாது, தும்மக்கூடக் கூடாது.

ஒரு முறை அவர் மனைவி, அப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரிந்த காலம், பாத்திரம் கழுவிய கையோடு வந்து ஒரு பேப்பரில் விரலை ஒற்றிவிட்டுப் போய்விட்டாள். வட்டமாக ஒரு ஈரம். தொட்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாவற்றையும் கழற்றினார், ஒவ்வொரு ரப்பர் வளையத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் சோற்றைப் போட்டுவிட்டு அவள், "அது என் விரல்தாங்க" என்றாள். அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவர் சிரிப்பு கொஞ்சம் பெரிய சிரிப்பு. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அந்தச் சிரிப்பு பிறகு நின்றுபோயிற்று.

அவளுக்குக் கண் ஒரேயடியாகப் போகவில்லை. ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே மங்கிக்கொண்டு வந்தது. முதலில் கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டாள். கவனமில்லை என்று இவர் கடிந்துகொண்டார். அதை நினைத்து இன்றைக்கும் மருகுவார். அப்புறம் மருத்துவர்கள், சொட்டு மருந்துகள், ஒரு அறுவை சிகிச்சை. கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. கண் மருத்துவர் நல்லவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார். அவள் "பரவாயில்லைங்க டாக்டர்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள். தொட்டிக்காரருக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தார், வேலையைப் பார்த்தார். சிரிப்பு மட்டும் வரவில்லை.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. கொஞ்ச காலத்திலேயே வீட்டைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். தடியில்லாமல், சுவரைத் தொடாமல், கூடத்தைக் கடந்து அடுப்படிக்குப் போவாள், டீ போடுவாள், வந்தவர்கள் கையில் சிந்தாமல் கொடுப்பாள். "எப்படித்தான் தெரியுதோ உனக்கு!" என்று இவர் அதிசயப்படுவார். "என் வீடு எனக்குத் தெரியாதா? நீங்கதான் கண்ணை வெச்சுக்கிட்டு கண்ணாடியைத் தேடுறீங்க" என்பாள். அவர் கண்ணாடி நெற்றியில் இருக்கும்.

கூடத்தின் மூலையில், அடுப்படி வாசலுக்கும் படுக்கையறைக்குப் போகிற நடைக்கும் நடுவில், அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. பழைய தகரப் பெட்டி. காலையில் எழுந்ததும் அதை ஓடவிட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பார்கள். இவர் அதில் பெட்டிகளுக்கு வரைபடம் போடுவார்; அவளுக்கு அது செய்தியும் கதையும் படித்துக் காட்டும். உள்ளே மூன்று விசிறிகள், ஒன்றுக்குத் தண்டு தேய்ந்து கரகரவென்று அரைக்கும். மருந்துக்கடைக்காரர் வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வார்.

"ஊருக்கெல்லாம் மூச்சுவிடாத பெட்டி செய்யறீங்க. உங்க வீட்ல மட்டும் ஹெலிகாப்டர் இறங்குதே அண்ணே?"

விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் தொட்டிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. தன் மானம் போகிறதே என்றில்லை. கண்ணில்லாதவளுக்குக் காதுதானே எல்லாம்? அந்தக் காதுக்குள் நாள் முழுக்க இப்படி ஒரு இரைச்சலைப் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறோமே! இத்தனை நாளாக இது நமக்குத் தோன்றவில்லையே! அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். கண்ணுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, காதுக்காவது நிம்மதி கொடுப்போம். அவளுக்காக ஒரு பெட்டி. இதுவரை யாருக்கும் செய்யாத பெட்டி.

வெளி வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தார். பெட்டியின் ஒரு பக்கம் முழுவதையும் ரேடியேட்டருக்கே கொடுத்தார். பெரியதாக இருந்தால் விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும். பம்பைத் தகரத்தில் முடுக்காமல் தடித்த பஞ்சுமெத்தையில் உட்காரவைத்தார், அதிர்வு வெளியே வராதபடி. தண்ணீர்த் தொட்டியை அக்ரிலிக் தகட்டில் தானே அறுத்து, ஓரத்தை இழைத்து ஒட்டினார். கையெல்லாம் மீன்தொட்டி ஒட்டிய பழக்கம். ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வருகிற குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஆழமாக வைத்தார். மேலே இருந்தால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்குமே. குழாய்களுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற, பெட்டியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரவைக்கிற மாதிரி தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசிக் காற்றுக் குமிழி 'பொளக்' என்று வெளியேறியபோது அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டிஷ்யூ பேப்பர் ஒரு நாள் முழுக்க வெள்ளையாகவே இருந்தது. பழைய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். புதியதை மூலையில் வைத்து, மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தொட்டுப் பாரு."

தொட்டாள். ஓரங்களைத் தடவினாள். "வழவழன்னு நல்லா இருக்குங்க. எப்ப ஓடவிடப் போறீங்க?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு!"

"நிஜமாவா?"

தொட்டிக்காரர் சிரித்தார். அந்தப் பழைய, பெரிய சிரிப்பு. அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அசையாமல் நின்றாள். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

மருந்துக்கடைக்காரர் தன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் பெட்டியில் காதை வைத்துப் பார்ப்பதும், "ஓடுதா அண்ணே?" என்று கேட்பதும், இவர் சிரிப்பதுமாக வீடு கலகலத்தது. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. அவளுக்கு இன்னும் வசதியாக இருக்கட்டும் என்று, செய்தி படிக்கிற ஒலிபெருக்கியையும் நீள வயர் இழுத்துக் கட்டில் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார். இனி அவள் அதற்காகக் கூடத்துக்கு நடந்து வர வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு என்னவோ ஆயிற்று.

முதலில் கால்முட்டியில் ஒரு கன்றல். "நாற்காலியை யாரோ நகத்திட்டீங்க" என்றாள். யாரும் நகர்த்தவில்லை. பிறகு ஒருநாள் கொதிக்கிற தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டாள். கூடத்தின் நடுவில் வந்து நின்றுவிடுவாள், ஒரு கை முன்னால் நீண்டிருக்கும், உதடு அசையும். இவர் ஓடிப்போய்ப் பிடித்தால், "ஒண்ணுமில்லைங்க, ஏதோ யோசனை" என்பாள். அப்புறம் கூடத்துக்கு வருவதே குறைந்தது. அப்புறம் அடுப்படிக்கும். கட்டிலில் உட்கார்ந்து, ஒலிபெருக்கி என்ன படிக்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாளோ என்னவோ.

தொட்டிக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வழியில் இருந்த சாமான்களையெல்லாம் எடுத்து மூலையில் போட்டார். நடையிலிருந்து அடுப்படி வரை பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டினார். அவள் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் என்ன கன்னுக்குட்டியா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் குரல் கேலியாக இல்லை. அவர் அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

கண் மருத்துவர், சிலருக்குக் கொஞ்ச காலம் கழித்துத் தைரியம் குறைந்துபோகும், பகலில் துணைக்கு ஆள் வேண்டும் என்றார். இவர் பட்டறைக்கும், பெட்டி பொருத்துவதற்கு வெளியிலும் போகிற ஆள். வெளியூரில் வங்கியில் வேலை பார்க்கிற மகள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். எங்க வீட்ல அத்தை நாள் முழுக்க இருக்காங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று தொட்டிக்காரருக்குத் தெரியாதா? போனால் அவள் வரமாட்டாள். அங்கே வேறு வீடு, வேறு சுவர்கள். ஒரு கட்டிலில் உட்காரவைத்து நேரத்துக்குச் சோறு கொடுப்பார்கள், அன்பாகத்தான் கொடுப்பார்கள். அவள் மறுபடி நடக்கவே மாட்டாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இங்கே மட்டும் நடக்கிறாளா? அவள் அடுப்பில் விழுந்து வைத்தால் என்ன செய்வார்? மனைவியைக் கேட்டார். "பாப்பா சொல்றது சரிதாங்க" என்றாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் அப்படி அடங்கிப்போனதுதான் அவரை உலுக்கிவிட்டது.

மகள் வந்தாள். மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. படுக்கையறையில் அம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்காரர் கூடத்தில் அந்தப் புதுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதன் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். புது ரேடியேட்டருக்குள், உலோகத்தைப் பற்றவைத்தபோது படிந்த அழுக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கும், முதல் தண்ணீரோடு அது கரைந்து வரும். அதனால் முதல் தண்ணீரை ஓரிரு மாதத்தில் மாற்றிவிடுவது அவர் வழக்கம். இன்றைக்கே மாற்ற வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை. கை சும்மா இருந்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

"அப்பா, ரயில் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்கணுமே. இதைப் போய் இப்பத்தான் கழட்டணுமா?" என்றாள் மகள்.

"பழசு கட்டிலுக்கு அடியில இருக்கு. அதை இழுத்து மாட்டிக்கோ, கண்ணு."

மகள் பழைய பெட்டியை இழுத்து வந்து, தூசியை ஊதி, அதே மூலையில் வைத்து மாட்டினாள். பட்டனை அழுத்தியதும் மூன்று விசிறியும் ஒன்றாகக் கிளம்பின. தண்டு தேய்ந்தது கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. மகள் முகத்தைச் சுளித்தாள்.

உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றது.

அவள் வெளியே வந்தாள். சுவரைத் தொடவில்லை. கை முன்னால் நீளவில்லை. நடையிலிருந்து கூடத்துக்கு வந்து, அந்த மூலையைத் தாண்டி, அடுப்படி வாசலுக்குள் நேராக நுழைந்தாள். அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. "பாப்பா, உனக்குச் சக்கரை கம்மியாவா?" என்ற குரலும் வந்தது. தொட்டிக்காரர் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. கசிவைப் பொறுக்காத மனுஷன் அதைக் கவனிக்கவில்லை.

"அப்பா, அம்மா நல்லாத்தானே நடக்கறாங்க?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

ஊருக்குப் போகப்போகிறோம், கடைசியாக ஒரு தடவை தன் அடுப்படியில் டீ போட்டுவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். மகள் டிக்கெட்டை எடுத்து முடித்தாள். "காதே வலிக்குதுப்பா" என்று சொல்லிப் பெட்டியை அணைத்தாள்.

அவர் மனைவி அப்போது கூடத்தின் நடுவில் இருந்தாள். இரண்டு கையிலும் டீத் தம்ளர். சத்தம் நின்றதும் அவளும் நின்றாள். ஒரு கால் முன்னால் வைத்தது வைத்தபடி இருந்தது. முகம் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. தம்ளர் சாய்ந்து டீ அவள் விரலில் சிந்தியது. தன் வீட்டுக் கூடத்தின் நடுவில், யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவள் மாதிரி நின்றாள்.

"யாரு நிறுத்தினது?" என்றாள்.

மகள் ஓடிப் பிடிக்கப் போனாள். தொட்டிக்காரர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மெல்ல எழுந்துபோய்ப் பழைய பெட்டியின் பட்டனை அழுத்தினார். விசிறிகள் உறுமின. மனைவிக்கு மூச்சு வந்தது, தோள் இறங்கியது. சத்தத்தை நோக்கி நடந்து வந்தாள், பக்கத்து மேஜையைத் தேடாமல் தம்ளர்களை அதன் மேல் வைத்தாள், சிந்திய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

தொட்டிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சத்தத்தை வெச்சுத்தான் நடந்தியா?"

"எனக்கும் தெரியாதுங்க. வீடு பழகிடுச்சுன்னுதான் நானும் நினைச்சேன். நீங்க புதுசை வெச்ச அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கூடத்துக்கு வந்தா மூலையே இல்லை. அடுப்படி எந்தப் பக்கம்னு இல்லை. ஃபிரிட்ஜ் நினைச்சா ஓடுது, நினைச்சா நிக்குது, அதை எப்படி நம்பறது?"

"சொல்லக் கூடாதா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்கிட்ட?" அவர் குரல் உடைந்தது. "உன்னை ஊருக்கு அனுப்பற வரைக்கும் வந்துட்டேனே!"

குரல் வந்த திசையைப் பார்த்து அவளும் கீழே உட்கார்ந்து, அவர் கையைத் தேடி எடுத்தாள்.

"நீங்க சிரிச்சீங்க" என்றாள். "என் கண்ணு போனதுலேருந்து நீங்க சிரிச்சு நான் கேக்கலை. இந்தப் பெட்டியைச் செஞ்சதும்தான் சிரிச்சீங்க. வர்றவங்க எல்லாரும் ஓடுதா ஓடுதான்னு கேக்கக் கேக்க அப்படிச் சிரிச்சீங்க. அது வேண்டாம், இரைச்சல் பெட்டியைக் கொண்டாங்கன்னு நான் எந்த வாயால சொல்வேன்?"

தொட்டிக்காரர் அழுதார். மகள் முன்னால் அழுகிறோமே என்றுகூடப் பார்க்கவில்லை. மகள் என்ன செய்வதென்று தெரியாமல், தரையில் ஒழுகியிருந்த தண்ணீரைத் துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். பிறகு அம்மாவின் டிக்கெட்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

அழுது முடித்த கையோடு அவர், புதுப் பெட்டியைத் தூக்கிப் பட்டறையில் போடுகிறேன், பழசே இருக்கட்டும் என்றார். அவள் ஒப்பவில்லை. "எனக்காகச் செஞ்சதைத் தூக்கிப் போடுவீங்களா? அது அங்கேயேதான் இருக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"சரி. என்ன சத்தம் வேணும் உனக்கு, சொல்லு. விசிறி வெக்கட்டா?"

"அந்தக் கரகர வேண்டாம். நம்ம கடையில கேக்குமே, தொட்டியில தண்ணி விழற சத்தம். அது வெக்க முடியுமா?"

முடியுமாவா! அதைக் கேட்காமல் ஆக்குவதற்குத்தானே அவர் இத்தனை வருஷம் பாடுபட்டார். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றினார். திரும்பி வருகிற குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கினார். மேலிருந்து விழுகிற தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அது பம்புக்குள் நுழைந்தால் கெடுதல். அதனால் தொட்டியின் நடுவில் ஓட்டை போட்ட தடுப்பு ஒன்றை ஒட்டினார். காற்று அங்கேயே மேலே எழும்பிவிடும், தண்ணீர் மட்டும் கீழே போகும். எந்த உயரத்திலிருந்து விழ வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "இன்னும் கொஞ்சம் மேல. ஐயோ, இது குழாயடி மாதிரி இருக்கு, இறக்குங்க. இன்னும் கொஞ்சம். ம்." இருவரும் அதிலேயே ஒரு பகல் முழுவதையும் கழித்தார்கள். பிறகு டிஷ்யூ பேப்பர் விரித்தார். அன்றைக்கு அவள் போகிற போக்கில் ஈரவிரலை ஒரு பேப்பரில் ஒற்றிவிட்டுப் போனாள். இந்தத் தடவை அவர் பார்த்துவிட்டார், ஆனாலும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

மகள் தனியாக ஊருக்குப் போனாள்.

சில வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தார். எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். அவருக்கு அதிர்ச்சி.

"அண்ணே! திரும்பற குழாய் தண்ணிக்கு மேல நிக்குது. சொளசொளன்னு சத்தம் கேக்குது. உங்க பெட்டியிலயா இப்படி? கொஞ்சம் தண்ணி ஊத்தி மட்டத்தை ஏத்திடட்டுமா?"

"கையை எடுங்க முதல்ல" என்றார் தொட்டிக்காரர்.

படுக்கையறைப் பக்கமிருந்து அவள் வந்தாள். "மருந்துக்கடைத் தம்பியா? உக்காருங்க, டீ போடறேன்" என்று சொல்லிக்கொண்டே, தண்ணீர்ச் சத்தத்தை ஒட்டித் திரும்பி, எதையும் தொடாமல் அடுப்படிக்குள் போனாள். மருந்துக்கடைக்காரர் அவளுடைய கால்களைப் பார்த்தார், தண்ணீர் விழுவதைப் பார்த்தார். தொட்டிக்காரர் நடந்ததை அடங்கிய குரலில் சொன்னார். கேட்டு முடித்து அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேச்சை மாற்றுகிறவர் மாதிரி, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, ரெண்டு பம்பு இருக்கு?"

"ஒண்ணு நின்னுட்டா இன்னொண்ணு தானா ஓடும்."

"கம்ப்யூட்டரை அணைச்சா?"

"அணைச்சாலும் பம்பு ஓடும். அதுக்குத் தனி லைன்."

"இந்தக் கறுப்புப் பெட்டி?"

"பேட்டரி. கரண்டு போனாலும் தண்ணி நிக்காது."

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷப் பைத்தியத்தில் இப்படி ஒரு ஏற்பாட்டை அவர் எங்கேயும் பார்த்ததில்லை.

"ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எதுக்கண்ணே இவ்வளவு?"

"கம்ப்யூட்டருக்குன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டிக்காரர் சிரித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. அடுப்படியில் சக்கரை போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தி, அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.